நடுநிலைப் பள்ளியை எதை வைத்து எடை போடுவது?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று சாயங்காலத்துக்குள் எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு, எந்தப் பள்ளி சறுக்கியது என்று டீக்கடை வரைக்கும் பேச்சு போய்விடும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு அப்படி ஓர் எண் ஆண்டுதோறும் வருகிறது. அதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை. ஒன்று முதல் எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளிகளுக்கு அந்த எண்ணும் கிடையாது. 2019இல் தமிழக அரசு 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்துப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கைவிட்டது நல்லதுதான். பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஹால் டிக்கெட்டைக் கொடுத்து ஒரு பள்ளியின் தரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி நல்லதா, சுமாரா, மோசமா என்று ஒரு பெற்றோர் எப்படித்தான் தெரிந்துகொள்வது? அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு முன்பைவிட இப்போது கனம் கூடியிருக்கிறது. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது நீண்டது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. இவை எல்லாவற்றுக்கும் கணக்கு ஆரம்பிப்பது ஆறாம் வகுப்பிலிருந்து. “எட்டாவது வரைக்கும் வேன் வரும் பள்ளியில் படிக்கட்டும், ஒன்பதில் கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாற்றிக்கொள்ளலாம்” என்று பல வீடுகளில் போட்ட பழைய கணக்கு இனி செல்லாது. ஐந்தாம் வகுப்பு முடியும் ஏப்ரல், மே மாதத்தில், இதே பள்ளியில் தொடர்வதா, டி.சி. வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? பெரும்பாலும் கண்ணில் படுவதை வைத்துத்தான். சுவரில் புதுப் பெயின்ட் இருக்கிறதா, ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதா, வாசலில் ‘ஆங்கில வழி உண்டு’ என்ற பலகை தொங்குகிறதா. பெயின்டும் போர்டும் இருப்பது நல்லதுதான், ஆனால் அவை ஒன்றிய அலுவலகத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் முடிவாகிறவை. உள்ளே பாடம் நடக்கிறதா என்பதற்கு அவை சாட்சி சொல்லாது. ஆங்கில வழி விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2012-13லிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெரிய அளவில் தொடங்கப்பட்டன. தனி ஆசிரியர்கள் பெரும்பாலும் தரப்படவில்லை. சிறிய நடுநிலைப் பள்ளியில் தமிழ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், கையில் வேறு வேறு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் தமிழில் விளக்குவார், விடையை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதிப் போடுவார். அதனால் கேட்க வேண்டியது ஆங்கில வழி இருக்கிறதா என்பதை அல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்தியைப் படித்துவிட்டு அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழிலாவது சொல்லுமா என்பதைக் கேட்க வேண்டும். தமிழ் வழியில் படித்து இதைச் செய்யும் பிள்ளைகள் உண்டு. ஆங்கில வழியில் படித்தும் செய்ய முடியாத பிள்ளைகளும் நிறைய உண்டு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். “அந்தப் பள்ளிக்கூடம் சரியில்லைங்க” என்று ஊருக்குள் பேசும்போது, சில சமயம் அதற்குப் பொருள் ஆசிரியர் சரியில்லை என்பதல்ல, அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதுதான். காலனிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் போகிற வேன்களை எல்லா மாவட்டத்திலும் பார்க்கலாம். அந்த வகைக் கெட்ட பெயரைக் கழித்துவிட்டுத்தான் மதிப்பீட்டையே தொடங்க வேண்டும்.

அரசாங்கத்திடம் கணக்கு இல்லையா?

நிறையவே இருக்கிறது. நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும், பள்ளிகளைப் பற்றிய தேசியத் தகவல் தொகுப்பான யூடைஸில், 11 இலக்க எண் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். அந்த எண்ணை வைத்து இணையத்தில் தேடினால் எத்தனை வகுப்பறை, எத்தனை ஆசிரியர், எத்தனை கழிப்பறை, நூலகம் உண்டா, கணினி உண்டா என்று பட்டியல் வரும். மாநில அளவில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளம் இருக்கிறது. பிள்ளையின் வருகைப் பதிவிலிருந்து காலணி அளவு வரை அதில் ஏற்றுகிறார்கள். இந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் பள்ளிக்குள் என்ன போயிருக்கிறது என்பதுதான். பிள்ளைக்குள் என்ன போயிருக்கிறது என்பது அதில் வராது. தகவலை ஏற்றுபவரும் அதே பள்ளியின் தலைமையாசிரியர்தான். பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ‘கழிப்பறை: உண்டு’ என்பது உண்மையாகவே இருக்கும். தண்ணீர் மேலே ஏறுகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று அந்தப் படிவம் கேட்கும் கேள்விகளும் அதற்குக் கிடைக்கும் பதில்களும் ஒரு நாள் நிலவரத்தைத்தான் சொல்லும்.

கற்றலை அளக்கும் ஆய்வுகளும் உண்டு. தேசிய அடைவு ஆய்வு 2017, 2021 ஆண்டுகளில் நடந்தது. 2024 டிசம்பரில் பரக் என்ற பெயரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்தது. இவை மாதிரிப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு மாவட்டம், மாநிலம் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்பவை. உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் கிடைக்காது. பிரதம் நிறுவனம் 2005லிருந்து நடத்தும் அசர் ஆய்வு பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துச் சோதிப்பதில்லை, கிராமத்தில் வீடு வீடாகப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்கிறது. அதுவும் ஊர்ப் பள்ளியை எடை போட உதவாது. ஆனால் அது ஒரு முக்கியமான உண்மையை நாட்டின் முன் வைத்தது. 2022 அறிக்கைப்படி, கிராமப்புற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினரால்தான் இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சின்னக் கதையைப் படிக்க முடிந்தது. மீதிப் பேர் எட்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

நடுநிலைப் பள்ளியின் தரம் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. நன்றாகப் படிக்கும் பிள்ளை எங்கே போட்டாலும் ஓரளவு மேலே வந்துவிடும். வீட்டில் ஒரு படித்த அக்கா இருந்தால் போதும். ஆறாம் வகுப்புக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராமல் நுழையும் பிள்ளை, எட்டாம் வகுப்பை விட்டு வெளியே போகும்போது என்னவாகப் போகிறது? அதுதான் அந்தப் பள்ளி. மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

யார் நிற்கிறார்கள் வகுப்பில்?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். அறிவியலும் கணிதமும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பிள்ளைகள் 100க்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களும். ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரப் பாடம்.

இந்தக் கணக்கை மெதுவாக ஒரு முறை படித்தால் சிறிய பள்ளியின் கதி புரிந்துவிடும். மொத்தம் மூன்று பட்டதாரி ஆசிரியர்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒரே ஆள். அவர் கணிதம் படித்தவராக இருந்தால் அறிவியல் வாசித்துக் காட்டப்படும், அறிவியல் படித்தவராக இருந்தால் கணிதம் கரும்பலகையிலிருந்து எழுதிக்கொள்ளப்படும். இரண்டையும் ரசித்து நடத்துகிறவர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி ஒரு அமைப்பை ஓட்ட முடியாது. மூவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால், அல்லது மாற்றுப்பணி என்று வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டால், ஒரு பாடமே அந்த வருடம் காணாமல் போகிறது. மேல்நிலைப் பள்ளியில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் அந்தப் பாடவேளையை எடுப்பார். இங்கே இன்னொருவர் கிடையாது.

ஆகவே பள்ளிக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஆசிரியர்கள் என்பதல்ல. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு யார் எடுக்கிறார், அவர் என்ன படித்தவர், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்பதுதான். பிள்ளையைக் கேட்டாலும் தெரிந்துவிடும். “நேற்று கணக்கு சார் என்ன நடத்தினார்?” என்றால், “கணக்கு சார் டிரெய்னிங் போயிருக்கார்” என்று பதில் வரலாம். ஒரு வாரம் கழித்தும் அதே பதில் வந்தால் விஷயம் வேறு.

இந்த மூன்று பணியிடமும் நிரந்தரமல்ல. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி பிள்ளைகளை எண்ணிப் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுவார், பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் பாதிப் பேர் டி.சி. வாங்கிக்கொண்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போனால் ஆறாம் வகுப்பு மெலிந்துவிடும், ஆள் குறையும், ஆள் குறைந்ததைப் பார்த்து மிச்சம் இருக்கும் பெற்றோரும் கிளம்புவார்கள். ஜூன் மாதத்தில் ஆசிரியர்களே வீடு வீடாகத் தாம்பூலத் தட்டோடு போய்ப் பிள்ளை சேர்ப்பதைச் செய்தியில் பார்த்து நெகிழ்கிறோம். அதில் அக்கறையும் உண்டு, ஆகஸ்ட் 1ஆம் தேதியும் உண்டு. இரண்டும் இருப்பதில் தப்பில்லை.

ஐந்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஆறில் தங்கினார்கள் என்ற எண் எனக்குப் பிடித்த எண். விளம்பரம் செய்ய முடியாத எண் அது. ஐந்து வருடம் அந்தப் பள்ளியை உள்ளிருந்து பார்த்த பெற்றோர், காசு செலவில்லாமல் வேறிடம் போக வாய்ப்பிருந்தும் தங்கினார்களா? இலவச பஸ் பாஸ் வசதி, அண்ணன் படிக்கும் பள்ளி, பெண் பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் அனுப்பத் தயக்கம் என்று வேறு காரணங்களும் கலந்திருக்கும்தான். இருந்தாலும் மூன்று நான்கு வருடத்துக்குச் சேர்த்துக் கேட்டால் போக்கு தெரிந்துவிடும்.

தலைமையாசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் பணியிடம் கிடையாது. சம்பளப் பட்டியல், எமிஸ் பதிவு, புத்தகம், சீருடை, காலணி இறக்குவது, வட்டாரக் கல்வி அலுவலர் கூப்பிடும் கூட்டம், வங்கி வேலை, சத்துணவுக் கணக்கு எல்லாம் அவர் தலையில்தான். இதற்கு நடுவில் அவர் வகுப்பும் எடுக்க வேண்டும். நாற்காலியில் இல்லை என்பதால் அவரைக் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் இல்லாத நாளில் பள்ளி எப்படி ஓடுகிறது என்பது கட்டாயம் பார்க்க வேண்டியது. வராண்டாவில் சத்தம் ஏறிவிடுகிறதா, இல்லை மணி அடித்ததும் அவரவர் வகுப்புக்குப் போகிறார்களா?

நோட்டைப் புரட்டினால் தெரியும்

ஆண்டாய்வு அன்று எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். சார்ட் பேப்பர் புதிதாக ஒட்டியிருப்பார்கள், நன்றாகப் பேசும் இரண்டு பிள்ளைகளை முன் வரிசையில் வைத்திருப்பார்கள். நோட்டை மட்டும் ஒரே நாளில் தயார் செய்ய முடியாது. ஜூனிலிருந்து சேர்ந்து வந்த பொருள் அது.

ஏழாம் வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகளின் அறிவியல் நோட்டை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா நோட்டிலும் அதே விடை, அதே வரி, ‘ஒளிச்சேர்க்கை’யில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ‘ச்’ விடுபட்டிருந்தால், கரும்பலகையிலிருந்து வந்த சரக்கு அது. எழுதியது கை மட்டும்தான். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு மையில் ஒரு கையெழுத்து இருக்கும், அந்த விடுபட்ட எழுத்தின் மேல் ஒரு கோடுகூட இருக்காது. பார்த்தேன் என்பதற்கான அடையாளம் அது, படித்தேன் என்பதற்கானது அல்ல. இன்னொரு பள்ளியில் கையெழுத்து கோணல்மாணலாக, பிள்ளையின் சொந்த வார்த்தையில், “இலை சோறு ஆக்குது” என்று எழுதியிருக்கும். ஆசிரியர் அதை அடிக்காமல், பக்கத்தில் “எதை வைத்து?” என்று எழுதியிருப்பார். நான் என் பிள்ளையை இரண்டாவது பள்ளியில்தான் விடுவேன்.

கணக்கு நோட்டில் தவறுகளைத் தேட வேண்டும். தவறே இல்லாத கணக்கு நோட்டு சந்தேகத்துக்குரியது. 618ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 13 என்று எழுதுவார்கள். 103இல் நடுவில் இருக்கும் பூச்சியம் விழுந்துவிடும். ஆறில் ஆறு ஒரு தடவை போகும், அடுத்து ஒன்றில் ஆறு போகாது, எட்டையும் இறக்கிப் பதினெட்டு ஆக்கு, மூன்று தடவை. போகாத இடத்தில் பூச்சியம் போட வேண்டும் என்று வாய்பாடாகச் சொல்லித் தந்தால் பிள்ளை மறந்துவிடும். இட மதிப்பு புரிந்த பிள்ளைக்கு அறுநூற்றுச் சொச்சத்தை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதின்மூன்று வராது என்பது பார்த்தவுடனே தெரியும். அந்த நோட்டில் வெறும் பெருக்கல் குறி இருக்கிறதா, அதே வகைக் கணக்கு அடுத்த நாள் மறுபடி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் வகுப்பில் விட்ட அந்தப் பூச்சியம் ஏழாம் வகுப்பில் தசம பின்னத்தில் வந்து மாட்டும், ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தில் மாட்டும்.

படிக்கச் சொல்வதும் அப்படித்தான். முதல் பாடத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள், அது மனப்பாடமாக இருக்கும். இன்னும் நடத்தாத பாடத்தில் நடுப்பக்கத்தைக் காட்டுங்கள். ஆசிரியர் சுட்டும் பிள்ளை வேண்டாம், கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் பிள்ளை போதும். அந்தப் பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்றால் பள்ளி மோசம் என்று எழுதிவிட வேண்டியதில்லை. எழுத்தே தெரியாமல் எந்த ஊரிலிருந்தோ போன வருடம் வந்த பிள்ளையாக இருக்கலாம். ஆசிரியரிடம் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். “அவனா, அவனுக்கு ஒண்ணும் வராது சார்” என்பது ஒரு பதில். “சேர்ந்தப்ப உயிர்மெய் தெரியாது, இப்ப ரெண்டெழுத்து மூணெழுத்துச் சொல் படிக்கிறான், ஒற்று வந்தா நிக்கிறான்” என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதிலைச் சொல்லும் ஆசிரியரிடம் அளவுகோல் இருக்கிறது.

அரசும் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2022இல் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் போனது. 2025-26இல் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக ‘திறன்’ என்ற பெயரில் தனிப் பயிற்சியும் வந்தது. திட்டத்தின் பெயர் சுவரில் இருப்பது எளிது. எந்தெந்தப் பிள்ளைகள் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், யாராவது அதிலிருந்து வெளியே வந்திருக்கிறார்களா என்று கேட்டால், திட்டம் நடக்கிறதா, படிவம் நிரம்புகிறதா என்பது தெரிந்துவிடும்.

என்.எம்.எம்.எஸ். பேனர்

நடுநிலைப் பள்ளிக்கென்று வெளியில் தெரியும் ஒரே போட்டி என்.எம்.எம்.எஸ். என்கிற தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வுதான். எட்டாம் வகுப்பில் எழுதுவது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். வாசலில் தேர்வான பிள்ளைகளின் படத்தோடு பேனர் கட்டியிருந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஒரு கூலித் தொழிலாளி வீட்டுக்கு நான்கு வருடத்தில் 48,000 ரூபாய் சின்னத் தொகை அல்ல. அதற்காகக் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து பயிற்சி கொடுக்கும் ஆசிரியரை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் பேனரை வைத்துப் பள்ளியை எடை போடும்போது நிதானம் தேவை. எட்டாம் வகுப்பில் 14 பேர் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 7 விழுக்காடு. போன வருடம் இரண்டு பேர், இந்த வருடம் யாருமில்லை என்றால் பள்ளி சரிந்துவிட்டது என்று பொருளில்லை. அந்த வருடம் வந்த பிள்ளைகள் அவர்கள், அவ்வளவுதான். இதைவிடச் சங்கடமானது, நான்கு கெட்டிக்காரப் பிள்ளைகளை ஜூன் மாதமே பொறுக்கியெடுத்து வருடம் முழுக்க அவர்களோடு மட்டும் மல்லுக்கட்டி, மீதி வகுப்பை நோட்டு எழுத விடுவது. பேனரில் எத்தனை படம் என்று எண்ணாமல், வகுப்பில் எத்தனை பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். எல்லோரையும் எழுத வைக்கும் பள்ளியும் நான்கு பேரை மட்டும் அனுப்பும் பள்ளியும் ஒன்றல்ல.

மூன்று மணிக்குப் போங்கள்

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகிறார்கள். கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்ட நேரம் அது. மதியம் மூன்று மணிக்குப் போனால் வேறு பள்ளியைப் பார்க்கலாம். கரும்பலகை ஓரத்தில் பதிவு, வருகை என்று காலையில் எழுதிய இரண்டு எண்கள் இருக்கும். பெஞ்சில் இருக்கும் தலைகளை எண்ணி அதோடு ஒப்பிடலாம். சத்துணவு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வகுப்பு வரைக்குத்தான். ஒரே வளாகத்தில் தம்பி காலையில் பொங்கல் சாப்பிட, ஆறாம் வகுப்பு அக்கா வெறும் வயிற்றோடு பதினொன்றரை மணிக் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருப்பாள். மீந்ததை அவளுக்கும் சத்தமில்லாமல் பரிமாறும் பள்ளிகள் இருக்கின்றன. எந்த அட்டவணையிலும் ஏறாத தரம் அது.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவது பெரும்பாலும் இந்த 6, 7, 8 வகுப்புகளில்தான். தொடக்கப் பள்ளிக்குப் போதுமான கழிப்பறை இங்கே போதாது. கதவு, தாழ்ப்பாள், வாளி, தண்ணீர், நாப்கின் போட ஓர் இடம். 2011இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது. அது தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டியிருக்கிறதா, கேட்காமலே எடுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறதா? மாதத்தில் இரண்டு மூன்று நாள் தவறாமல் வராமல் போகும் பெண்கள் வருகைப் பதிவேட்டில் இருந்தால், காரணம் பாடத்தில் இல்லை, பின்பக்கக் கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் கழிப்பறையை யார் கழுவுகிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் கழுவுகிறார்கள் என்றால் எந்தப் பிள்ளைகள் என்பதையும். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் சாதியைப் பற்றி 2024இல் அறிக்கை தந்தது. உயர்நிலைப் பள்ளியில் கையில் சாதிக் கயிறாகத் தெரிவது, நடுநிலைப் பள்ளியில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதில் முன்னதாகவே தெரிந்துவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். குழு இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, எல்லா இடத்திலும் இருக்கிறது. தீர்மானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ‘சுற்றுச்சுவர் வேண்டும்’ என்று மாதாமாதம் ஒரே தீர்மானம் ஒரே கையெழுத்தில் இருந்தால் அது கூடாத கூட்டம். கணக்கு ஆசிரியர் மூன்று மாதமாக இல்லை என்று ஓர் அம்மா சொன்னது அதில் பதிவாகியிருந்தால், அங்கே யாரோ வாயைத் திறக்கிறார்கள், யாரோ எழுதவும் செய்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அந்த நடுநிலைப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் போய்ச் சேரும் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியரைப் பிடியுங்கள். சுற்றியுள்ள நான்கைந்து ஊர்களிலிருந்து அவரிடம் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் இரண்டு வாரத்தில், பெயர் தெரிவதற்கு முன்பே, எந்த ஊர்ப் பிள்ளைக்கு வகுத்தல் வரும், எந்த ஊர்ப் பிள்ளை கேள்வி கேட்கும், எந்த ஊர்ப் பிள்ளை தீபாவளிக்குப் பிறகு நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இந்த மாநிலத்தில் நடுநிலைப் பள்ளிகளின் உண்மையான தரவரிசை எங்காவது இருக்கிறது என்றால் அது அவர் மனதில்தான் இருக்கிறது. நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார், சக ஆசிரியர்களை விட்டுக்கொடுக்க மாட்டார். “எந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உங்களுக்கு வேலை குறைவு?” என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்.

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடமே கேட்கவும் ஒன்று இருக்கிறது: போன வருடம் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே? டி.சி. கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று இருப்பவர்கள் எமிஸைத் திறப்பார்கள். இன்னார் ஒன்பதாம் வகுப்பில், இன்னார் திருப்பூருக்குப் போய்விட்டான், போய்க் கூட்டிவர முடியவில்லை, இன்னாருக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தது, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட்டு நிறுத்தினோம் என்று பதிவேட்டைப் பார்க்காமல் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மதிப்பீடு எதற்கும் ஆயுள் நீளம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆசிரியர் மூவரும் தலைமையாசிரியரும்தான் பள்ளி என்றால், ஒரு மாறுதல் கலந்தாய்வு போதும் எல்லாம் மாற. அண்ணன் படித்தபோது நன்றாக இருந்த பள்ளி தங்கைக்கு அப்படி இல்லாமல் போகலாம், நேர்மாறாகவும் ஆகலாம். அதனால் பிள்ளையைச் சேர்க்கும்போது கேட்ட கேள்விகளைக் கலந்தாய்வு முடிந்த பின்பு ஒரு தடவையும், ஆகஸ்ட் நிர்ணயத்துக்குப் பிறகு ஒரு தடவையும் மறுபடி கேட்டுக்கொள்வது நல்லது. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு யார் எடுக்கிறார் என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.